கார்டு மெஷினுக்கு பிசினஸ் கஸ்டமர் தேடின எட்டு மாசம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூணு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன சேல்ஸ் டீம்ல நடந்தது இது. பேர், ஊர், கம்பெனி எதுவும் போடல, ஆனா கூட வேலை பார்த்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன். ஒரு பேமென்ட் கம்பெனிக்கு ஏஜென்டா இருந்தோம். கையில தூக்கிட்டு போற கார்டு மெஷின், அதாவது உள்ள சிம் போட்டு பேட்டரில ஓடுற வகை, அதுக்கு பிசினஸ் கஸ்டமர் பிடிச்சு குடுக்கறதுதான் எங்க வேலை. டீம் லீடர் ரொம்ப வருஷமா சேல்ஸ்லயே இருந்தவர், யார்கிட்ட வேணாலும் பேசி உட்கார்ந்துடுவார். இன்னொரு தம்பி புதுசு, ஆனா வெயில்ல நாள் முழுக்க நடக்க சொன்னாலும் நடப்பான். நான் ஃபார்ம் வேலை, கேஒய்சி பேப்பர் வாங்கறது, மெஷினை செட் பண்ணி குடுக்கறது, அப்புறம் "மெஷின் வேலை செய்யல"ன்னு வர்ற போனை எல்லாம் எடுக்கறது.

எங்க வருமானம் எப்படின்னா, அப்ளிகேஷன் அப்ரூவ் ஆகி மெஷின் கஸ்டமர் கைக்கு போயிட்டா கமிஷன் வந்துடும். அதுக்கப்புறம் அந்த மெஷின்ல ஒரு கார்டாவது தேய்ச்சாங்களா, டேப் பண்ணாங்களான்றது எங்க கமிஷன் கணக்குல எங்கயுமே வராது. பின்னாடி நடந்த நிறைய விஷயத்துக்கு இதுதான் வேர்னு இப்ப தோணுது, அப்ப எங்க மூணு பேருக்குமே அது ஒரு விஷயமா படல.

முதல் நாலு மாசம் என்ன பண்ணோம்

எல்லாரும் பண்றதைத்தான் பண்ணோம். ஒரு போன் நம்பர் லிஸ்ட் வாங்கினோம், காலையில உட்கார்ந்து வரிசையா போன் போட்டோம், மத்தியானத்துக்கு மேல கடைத்தெருவுல ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கினோம். வந்த பதிலை எல்லாம் ஒரு நோட்ல எழுதி வெச்சிருந்தேன், திருப்பி பார்த்தா ரெண்டே ரெண்டு பதில்தான் திரும்ப திரும்ப இருக்கு. ஒண்ணு, "எங்ககிட்ட ஏற்கனவே மெஷின் இருக்கு." இன்னொண்ணு, "எத்தனை பெர்சன்ட் எடுப்பீங்க?"

முதல் பதில்ல தப்பே இல்ல. கல்லா வெச்சு உட்கார்ந்திருக்கற கடைக்கு பேங்க்காரங்க எப்பவோ ஒரு மெஷின் குடுத்திருப்பாங்க, அது வயர்ல நிக்குது, ஓடுது, அவருக்கு இன்னொண்ணு எதுக்கு. ஆனாலும் டீம் லீடர் பேச்சு சாமர்த்தியத்துல "ஒண்ணு ஸ்பேரா வெச்சுக்கோங்க சார், அது ரிப்பேர் ஆனா இது இருக்கும்"னு சொல்லி நிறைய இடத்துல வெச்சுட்டு வந்தார்.

ரெண்டாவது பதில்தான் எங்களை ரொம்ப தின்னுச்சு. பெர்சன்ட்னு ஒருத்தர் கேட்டதுமே நாங்க குறைச்சு சொல்ல ஆரம்பிச்சுடுவோம். ஆனா அந்த பெர்சன்ட்ல எங்க கையில இருக்கறது ரொம்ப கொஞ்சம். ஒரு கார்டு டிரான்சாக்ஷன்ல கடைக்காரர் குடுக்கற கட்டணம் மூணா பிரியுது, பெரும்பங்கு கார்டு குடுத்த பேங்குக்கு இன்டர்சேஞ்சா போகும், ஒரு பங்கு விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கு, மிச்சம்தான் கடைக்காரர் பக்கத்து கம்பெனிக்கும் அவங்களுக்கு கீழ இருக்கற ஏஜென்டுக்கும். இன்டர்சேஞ்சை நாம தொடவே முடியாது. ஐரோப்பிய யூனியன்ல 2015ல சட்டம் போட்டு தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம்னு உச்சவரம்பு வெச்சாங்களே, அந்த மாதிரி சட்டமோ நெட்வொர்க்கோதான் அதை மாத்த முடியும். அப்ப நாங்க குறைச்சது எல்லாமே எங்க சொந்த பங்குல இருந்துதான். பெர்சன்டுக்காக வந்தவர் அடுத்த ஏஜென்ட் இன்னும் கொஞ்சம் குறைச்சா அங்க போயிடுவார், அதுவும் ரெண்டு தடவை நடந்துச்சு.

இப்படியே நாலு மாசத்துல 46 மெஷின் வெச்சோம். மேல இருந்து பாராட்டி மெயில் வந்துச்சு.

ரிப்போர்ட்டை திறந்து பார்த்தப்போ

அஞ்சாவது மாசம் ஆரம்பத்துல பேமென்ட் கம்பெனில இருந்து ஒரு கேள்வி வந்துச்சு, நீங்க வெச்ச மெஷின்ல பாதி ஏன் சும்மாவே கிடக்குதுன்னு. நான் ஒவ்வொரு மெஷினுக்கும் ரிப்போர்ட் எடுத்தேன். 46ல 19 மெஷின்ல அதுக்கு முந்தின 30 நாள்ல ஒரு டிரான்சாக்ஷன் கூட இல்ல. இன்னொரு 12ல மாசத்துக்கு நாலு அஞ்சு. மொத்த டிரான்சாக்ஷன்ல பாதிக்கு மேல நாலே நாலு கஸ்டமர்கிட்ட இருந்து வந்திருக்கு, அந்த நாலு பேரும் எங்க போன் லிஸ்ட்லயும் இல்ல, கடைத்தெருவுலயும் இல்ல, யாரோ சொல்லி அவங்களே போன் பண்ணி வந்தவங்க.

அதை பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஏன்னா அந்த 19 பேர்கிட்டயும் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினது நான்தான், மாச வாடகை அவங்க கணக்குல இருந்து போயிட்டேதான் இருக்கு.

அடுத்த ரெண்டு வாரம் புதுசா யாரையும் தேடாம வெச்ச இடத்துக்கெல்லாம் திரும்ப போனோம். சும்மா கிடந்த மெஷின் முக்காவாசி மேஜை டிராயருக்குள்ள இருந்துச்சு. ஒரு இடத்துல சார்ஜர் காணோம். ஒரு இடத்துல பேப்பர் ரோல் தீர்ந்து போய், எந்த அகலம் வாங்கணும்னு தெரியாம (இந்த வகைக்கு பெரும்பாலும் 57 மில்லிமீட்டர் தெர்மல் ரோல்தான்) அப்படியே விட்டுட்டாங்க. ஒரு இடத்துல நாங்க சொல்லிக் குடுத்த பையன் வேலையை விட்டு போயிட்டான், வேற யாருக்கும் ரீஃபண்ட் போட தெரியல, தப்பா ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து தொடறதே இல்ல. ரெண்டு இடத்துல கடைக்கு உள்பக்கம் சிக்னலே இல்ல. ஆனா இது எல்லாத்துக்கும் மேல ஒரு பொது காரணம் இருந்துச்சு, அவங்களுக்கு அந்த மெஷின் இல்லேன்னாலும் வேலை நடக்குது. தேவை இருந்திருந்தா ரோலை எப்படியாவது தேடி வாங்கியிருப்பாங்க.

ஒரு ஏசி சர்வீஸ் ஆபீஸ்ல கேட்டது

நிறைய ஓடின அந்த நாலு பேர்ல ஒண்ணு ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ற ஒரு சர்வீஸ் கம்பெனி. ஆறு டெக்னீஷியன், மூணு மெஷின். முதலாளி வெளிய போயிருந்தார், கணக்கு பார்க்கற அக்காதான் இருந்தாங்க. நாங்க போனது நல்லதா போச்சு, ஏன்னா முதலாளியை கேட்டிருந்தா "நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார்.

அந்த அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்து காமிச்சாங்க. மெஷின் வர்றதுக்கு முன்னாடி டெக்னீஷியன் வீட்டுக்கோ ஆபீசுக்கோ போய் வேலையை முடிச்சுட்டு பில்லை குடுத்துட்டு வந்துடுவார். அங்க இருக்கறவங்க "கையில காசு இல்ல, அனுப்பி விடறேன்"னு சொல்லுவாங்க. அனுப்புவாங்கதான், ஆனா பத்து நாள் ஆகும், இருபது நாள் ஆகும், ஏசி ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் பில் ஞாபகம் யாருக்கு வரும். அக்கா தினமும் காலையில ரெண்டு மணி நேரம் போன் போட்டு கேட்டுட்டு இருந்திருக்காங்க. "தம்பி, காசு கேக்கறது கூட பரவாயில்ல, மூணாவது தடவை போன் பண்ணும்போது அவங்க குரல் மாறும் பாரு, அதுக்கப்புறம் அவங்க அடுத்த சர்வீசுக்கு நம்மள கூப்பிடவே மாட்டாங்க"ன்னு சொன்னாங்க. இந்த ஒரு வரியை நான் அன்னிக்கே எழுதி வெச்சுக்கிட்டேன்.

அதே நோட்ல இன்னொண்ணும் பார்த்தேன், மனசு பக்குன்னு ஆச்சு. போன்ல சில கஸ்டமர் கார்டு நம்பரையே சொல்லியிருக்காங்க, இவங்க அதை எழுதி, பின்னாடி இருக்கற மூணு இலக்க நம்பரையும் சேர்த்து எழுதி வெச்சிருக்காங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, அடுத்த தடவை திரும்ப கேக்க வேணாமேன்னு. கார்டு டேட்டாவுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி பேங்க் ஓகே குடுத்ததுக்கப்புறம் அந்த மூணு இலக்கத்தை எந்த வடிவத்துலயும் வெச்சிருக்கவே கூடாது, நோட்டா இருந்தாலும் சரி கம்ப்யூட்டரா இருந்தாலும் சரி. அன்னிக்கே அந்த பக்கங்களை கிழிச்சு பொடிப்பொடியா ஆக்கிட்டுதான் கிளம்பினோம். இந்த நோட்டு பழக்கம் அந்த ஒரு ஆபீஸ்ல மட்டும் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது, அதனால அதுக்கப்புறம் போற இடத்துலயெல்லாம் இதை கேக்கறது எங்க வழக்கமாச்சு.

வெளிய வந்து டீக்குடிக்க நின்னப்போ டீம் லீடர் ஒரு விஷயம் சொன்னார். போன்ல சொருகற கார்டு ரீடரை கொண்டு வந்த ஸ்கொயர்ன்ற அமெரிக்க கம்பெனி 2009ல ஆரம்பிச்சதுக்கு காரணமே, அதை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான, கண்ணாடி ஊதற கலைஞர் ஜிம் மெக்கெல்விக்கு கார்டு வாங்க வழி இல்லாம ஒரு வியாபாரம் கைவிட்டு போச்சுன்றதுதான். ஸ்வீடன்ல 2010ல வந்த ஐசெட்டில்ன்ற அதே மாதிரி கம்பெனி பின்னாடியும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட மனைவி கண்காட்சில கூலிங் கிளாஸ் வித்துட்டு இருந்தப்போ கார்டு எடுக்க முடியாம தவிச்சாங்க. ரெண்டு பேருமே நிலையா ஒரு கல்லா வெச்சு கடை நடத்தினவங்க இல்ல. இந்த மாதிரி மெஷின் நிஜமா தேவைப்படறது கல்லா இல்லாதவங்களுக்குத்தான், நாங்க நாலு மாசமா கல்லா வெச்சிருக்கறவங்க வாசல்ல போய் நின்னுட்டு இருந்திருக்கோம்.

எடுத்த முடிவும் அதுக்கான காரணமும்

வாங்கின போன் லிஸ்டை அப்படியே தூக்கி வெச்சோம். அதுக்கு பதிலா எந்த பிசினஸை பார்த்தாலும் ஒரே கேள்வியை முதல்ல எங்களுக்குள்ள கேட்டுக்கணும்னு வெச்சுக்கிட்டோம்: இவங்க வேலை முடியற இடத்துல பணம் வாங்கற வசதி இருக்கா? வேலை ஒரு இடத்துல முடிஞ்சு பணம் வேற இடத்துல, வேற நாள்ல வருதுன்னா அவங்களுக்கு இந்த மெஷின் தேவை. ரெண்டும் ஒரே இடம்னா, எவ்வளவு பெரிய கடையா இருந்தாலும் தாண்டி போயிடணும். டீம் லீடருக்கு இது கஷ்டமா இருந்துச்சு, பெரிய ஷோரூமை பார்த்துட்டு உள்ள போகாம வர்றதுன்னா அவர் பழக்கத்துக்கே எதிரானது.

ரெண்டாவது, முதலாளியை தேடி போறதை குறைச்சோம். பாக்கி வசூல் பண்றது யாரோ அவங்ககிட்ட முதல்ல பேசணும். கையெழுத்து முதலாளிதான் போடுவார், ஆனா வலி தெரிஞ்சவங்க கணக்கு மேஜையில இருக்காங்க. அவங்ககிட்ட போய் பெர்சன்ட் பேச வேண்டியதே இல்ல, "மாசம் எத்தனை பில் முப்பது நாளைக்கு மேல நிக்குது?"ன்னு கேட்டா போதும், மிச்சத்தை அவங்களே பேசுவாங்க.

மூணாவது, ஆறு பேர் இருக்காங்கன்னு ஆறு மெஷின் தள்ளக்கூடாது, ஒரு மெஷின் குடுத்து ஒரு மாசம் பார்க்கணும்.

நாலாவதுதான் பெரிய சண்டை. கமிஷனை ரெண்டா பிரிக்கணும்னு நான் கேட்டேன், மெஷின் போய் சேர்ந்தா பாதி, அதுல 30 டிரான்சாக்ஷன் ஓடினதுக்கப்புறம் மீதி. புது தம்பிக்கு இது பிடிக்கல, அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, "அண்ணே, அவங்க யூஸ் பண்ணலேன்னா அதுக்கு நான் என்ன பண்றது, எனக்கு மாசா மாசம் வீட்டு வாடகை குடுக்கணுமே"ன்னான். கம்பெனி ஒரு மாசம் யோசிச்சுட்டு ஒத்துக்கிச்சு. அவனுக்கு இடைப்பட்ட மாசத்துக்கு ஒரு தொகை உறுதியா குடுங்கன்னு கேட்டிருக்கணும், நாங்க கேக்கல.

அஞ்சாவது, சிலரை வேணாம்னு சொல்ல முடிவு பண்ணோம். பணத்தை ரொம்ப முன்னாடியே வாங்கிட்டு சேவையை மாசக்கணக்குல கழிச்சு குடுக்கற தொழில், வருஷ மெம்பர்ஷிப், ஆறு மாசம் கழிச்சு போற டூர் மாதிரி. நடுவுல அந்த பிசினஸ் மூடினா கார்டுக்காரங்க எல்லாம் சார்ஜ்பேக் போடுவாங்க, அதாவது அவங்க பேங்க் மூலமா குடுத்த காசை திரும்ப கேப்பாங்க, கடைக்காரர்கிட்ட காசு இல்லேன்னா அது கடைக்காரர் பக்கத்து பேமென்ட் கம்பெனி தலையில விழும், அதனால அவங்க அப்ளிகேஷன் மாசக்கணக்குல நிக்கும், இல்லேன்னா கடைக்காரருக்கு வர வேண்டிய பணத்துல ஒரு பங்கை பிடிச்சு வெச்சுக்குவாங்க. எங்க மாதிரி மூணு பேர் டீமுக்கு அந்த நேரம் கட்டுபடி ஆகாது.

கடைசியா, ஒத்தை ஆளா தொழில் பண்றவங்களுக்கு தனி மெஷின் வேணாம், போன்லயே கார்டை டேப் பண்ணி வாங்கற ஆப் போதும்னு உண்மையை சொல்லிடறதுன்னு முடிவு பண்ணோம். இதுக்கான பாதுகாப்பு தரத்தை, கார்டு பாதுகாப்பு விதி போடற பிசிஐ கவுன்சில் 2019ல சிபிஒசின்னும் 2022ல எம்பிஒசின்னும் வெளியிட்டிருக்கு, ரெண்டாவதுல சாதாரண போன் ஸ்கிரீன்லயே பின் நம்பர் போடறதுக்கும் வழி இருக்கு. ஆப்புக்கு எங்களுக்கு கிடைக்கறது கம்மிதான். ஆனா மாச வாடகை கட்டி டிராயர்ல வைக்கற இன்னொரு ஆளை உருவாக்க எனக்கு மனசு வரல.

எங்க தேடினோம்

ரோட்ல போற வண்டிங்களைத்தான் முதல்ல பார்த்தோம். பக்கவாட்டுல கம்பெனி பேரும் போன் நம்பரும் எழுதின வேன் எல்லாமே வெளிய போய் வேலை பார்க்கறவங்க. பூச்சி மருந்து அடிக்கறவங்க, தண்ணி ஃபில்டர் சர்வீஸ், பூட்டு ரிப்பேர், டயர் பஞ்சருக்கு வண்டி நிக்கற இடத்துக்கே வர்றவங்க, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துட்டு போற லேப். "வீட்டுக்கே வந்து"ன்னு விளம்பரம் போடறவங்களை தனியா எடுத்து வெச்சோம்.

அதை விட நல்ல இடம் ஒண்ணு தற்செயலா கிடைச்சுது, ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரி கடை. அந்த சுத்து வட்டாரத்துல இருக்கற டெக்னீஷியன் எல்லாம் காலையில எட்டு மணிக்கு அங்கதான் நிப்பாங்க. அங்க நாங்க மெஷினை பத்தி பேசவே இல்ல, நேத்து எந்த வீட்ல காசு வாங்காம வந்தீங்கன்னு பேச்சை ஆரம்பிச்சா போதும், ஆளாளுக்கு சொல்லுவாங்க.

ஆனா எல்லாத்தையும் விட அதிகம் பேரை சேர்த்து விட்டது வெளிய இருந்து பல சின்ன கம்பெனிக்கு கணக்கு எழுதி குடுக்கற ஒரு மேடம். யாருக்கு பாக்கி தேங்குதுன்னு அவங்களுக்கு அத்துப்படி. அவங்க ஒரு விஷயத்துல ரொம்ப கறாரா இருந்தாங்க, "என் கிளையன்ட் பேரை உங்ககிட்ட சொல்ல மாட்டேன், உங்க நம்பரை அவங்ககிட்ட குடுக்கறேன், வேணும்னா கூப்பிடுவாங்க." அப்படி கூப்பிட்டவங்க ஏழு பேர், ஏழு பேருமே மெஷின் எடுத்தாங்க. போன் லிஸ்ட் வெச்சு ஒரு வாரம் முழுக்க பேசினாலும் ஏழு பேர் உட்கார்ந்து பேச ஒத்துக்கிட்டதில்ல.

வழியில வந்த சிக்கல்

முதல் எதிர்ப்பு டெக்னீஷியன்கிட்ட இருந்து வந்துச்சு. ஒரு கம்பெனில வயசான ஒரு அண்ணன், மெஷினை கையில குடுத்தப்போ வாங்காம மேஜையில வெச்சுட்டு கேட்டார், "இவ்வளவு நாள் கையில காசு வாங்கிட்டு வந்து குடுத்தேனே, இப்ப இதை குடுத்தா நான் நடுவுல எடுத்துட்டேன்னு முதலாளி நினைக்கறாருன்னு அர்த்தமா?" எங்க யாருக்கும் பதில் வரல. இந்த கோணத்தை நாங்க யோசிச்சதே இல்ல. அப்புறம் முதலாளியையே வந்து அவர்கிட்ட உட்கார்ந்து பேச வெச்சோம், மெஷின்ல அவர் பேர்லயே ஒரு லாகின் போட்டு, அன்னிக்கு அவர் வாங்கின பணம் எவ்வளவுன்னு அவரே சாயங்காலம் ஒரு ஸ்லிப் எடுத்து வெச்சுக்கற மாதிரி பண்ணோம். அந்த ஸ்லிப் அவருக்கும் ஒரு சாட்சி. ஒரு மாசம் கழிச்சு பார்த்தா அந்த கம்பெனிலயே அதிகம் யூஸ் பண்றது அவர்தான், பை நிறைய காசோட ராத்திரி பைக்ல வர வேண்டி இல்லன்னு சொன்னார்.

அடுத்து சிக்னல். ஏசி மெஷின், மோட்டார் எல்லாம் இருக்கறது பேஸ்மென்ட்ல, அங்க போன் சிக்னலே ஒழுங்கா வராது. சில மெஷின்ல ஆஃப்லைனா கார்டை வாங்கி வெச்சுட்டு சிக்னல் வந்ததும் அனுப்பற வசதி இருக்கு, ஆனா அனுப்பும்போது பேங்க் மறுத்துட்டா அந்த நஷ்டம் பிசினஸுக்குத்தான். ஒரு பில் அப்படியே போச்சு. நாங்க அதை கஸ்டமருக்கு தெளிவா சொல்லாம ஆன் பண்ணி குடுத்திருந்தோம், அது முழுக்க எங்க தப்பு. அதுக்கப்புறம் ஆஃப்லைனை எல்லா மெஷின்லயும் ஆஃப் பண்ணிட்டு, பல நெட்வொர்க்ல மாறிக்கற சிம்மா மாத்தினோம், டெக்னீஷியன்கிட்ட மேல வந்து வாசல்ல நின்னு டேப் பண்ணுங்கன்னு சொன்னோம்.

மூணாவது ஒரு சார்ஜ்பேக். ஒரு லேடி தன் கார்டு ஸ்டேட்மென்ட்ல தெரியாத ஒரு பேரை பார்த்துட்டு இது நான் பண்ணலன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. விஷயம் என்னன்னா கம்பெனியோட பதிவு பேர் ஒண்ணு, வேன்லயும் பில்லுலயும் இருக்கற பேர் வேற, நான் ஃபார்ம்ல பதிவு பேரையே ஸ்டேட்மென்ட்ல வர்ற பேரா போட்டிருந்தேன். இந்த மாதிரி புகாருக்கு பெரும்பாலான வகைல 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு, அதனால பழைய டிரான்சாக்ஷன் எத்தனை இப்படி திரும்பி வரும்னு வயித்துல நெருப்பை கட்டிக்கிட்டு இருந்தோம். கையெழுத்து போட்ட வேலை ரிப்போர்ட்டும் சிப் ரீட் பண்ணின ஸ்லிப்பும் இருந்ததால அந்த ஒண்ணு ஜெயிச்சுது. அன்னிக்கே எல்லா கஸ்டமருக்கும் பேரை மாத்த மனு போட்டேன்.

இன்னொரு சின்ன தப்பு, தொழில் வகைக்கு போடற நாலு இலக்க எம்சிசி கோடு. ஏசி ரிப்பேர் கம்பெனிக்கு 7623 போடறதுக்கு பதிலா, அவங்க ஸ்டெபிலைசரும் விக்கறாங்கன்னு பார்த்துட்டு வீட்டு உபயோக பொருள் கடைக்கான 5722 போட்டுட்டேன், அப்ளிகேஷன் திரும்பி வந்து ரெண்டு வாரம் போச்சு.

நிறைய வண்டி வெச்சிருந்த ஒரு பெரிய கம்பெனி பின்னாடி ரெண்டு மாசம் அலைஞ்சதையும் சொல்லணும். டெமோ மூணு தடவை குடுத்தோம், எல்லாருக்கும் பிடிச்சுது. கடைசில அவங்க பில்லிங் சாஃப்ட்வேரோட மெஷின் தானா பேசணும், தொகையை கையால அடிக்கக்கூடாதுன்னாங்க, எங்க மெஷின்ல அப்ப அது முடியாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

என்ன ஆச்சு

அடுத்த நாலு மாசத்துல வெச்சது 23 மெஷின்தான், முன்னாடி வெச்சதுல சரிபாதி. ஆனா எட்டாவது மாச கடைசில ரிப்போர்ட் எடுத்தப்போ அதுல 20 மெஷின்ல மாசத்துக்கு 30க்கு மேல ஓடுது, அந்த 23 மட்டும் பண்ணின டிரான்சாக்ஷன் பழைய 46ம் சேர்ந்து பண்ணினதை விட அதிகம். ஒரு மெஷின்ல ஆரம்பிச்சவங்கள்ல அஞ்சு பேர் அவங்களாவே இன்னொண்ணு கேட்டாங்க. அந்த ஏசி சர்வீஸ் அக்காவோட பாக்கி லிஸ்ட் ரெண்டு பக்கத்துல இருந்து அரை பக்கத்துக்கு வந்துச்சு, காலையில போன் போடற நேரத்துல இப்ப வருஷ சர்வீஸ் எப்ப வருதுன்னு கஸ்டமருக்கு ஞாபகப்படுத்தறாங்க.

நல்லது மட்டும் நடக்கல. கமிஷன் பிரிச்சதுல ரெண்டு மாசம் எல்லாருக்கும் வருமானம் விழுந்துச்சு, புது தம்பி ஏழாவது மாசம் வேலையை விட்டு போயிட்டான். நடந்து நடந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையை கண்டுபிடிச்சதே அவன்தான். அவனை நிறுத்தி வைக்க முடியலன்றது எனக்கு இன்னும் உறுத்தலா இருக்கு.

திரும்ப பண்ணினா

கமிஷன் முறையை முதல் நாளே மாத்த சொல்லுவேன், கூடவே மாத்தற மாசத்துக்கு குறைஞ்சபட்ச தொகை எழுத்துல வாங்குவேன். மெஷின் குடுத்த ஏழாவது நாள் ரிப்போர்ட் பார்த்து, ஓடலேன்னா நேர்ல போவேன், ஏன்னா முதல் வாரத்துல ஓடாத மெஷின் அப்புறம் தானா ஓடி நாங்க பார்த்ததே இல்ல. ஒரு ஆளுக்கு இல்ல, ரெண்டு ஆளுக்கு சொல்லிக் குடுப்பேன், ரீஃபண்ட் எப்படி போடறதுன்னு அவங்க கையாலயே ஒரு தடவை போட வெப்பேன். கையெழுத்துக்கு முன்னாடி மெஷினை கொண்டு போய் அவங்க நிஜமா வேலை பார்க்கற இடத்துல, அந்த பேஸ்மென்ட்லயே, டெஸ்ட் பண்ணுவேன். சாஃப்ட்வேர் கேள்வியை முதல் சந்திப்புலயே கேட்பேன். டெக்னீஷியன்களை கடைசில கூப்பிட்டு மெஷினை கையில குடுக்காம, முடிவு எடுக்கும்போதே கூட உட்கார வைப்பேன்.

சும்மா கிடந்த அந்த 19 பேர்கிட்டயும் திரும்ப போய், வேணாம்னா திருப்பி குடுத்துடுங்கன்னு சொன்னோம். 11 பேர் குடுத்தாங்க, அதுல ஒப்பந்த காலம் முடியாத நாலு பேருக்கு வாடகையை நிறுத்த கம்பெனிகிட்ட நான் எழுதி கேட்டதுல மூணு பேருக்கு நின்னுச்சு. மூணு பேர் ரோல் வாங்கி போட்டு மறுபடி யூஸ் பண்ண ஆரம்பிச்சாங்க. மீதி அஞ்சு மெஷின் இன்னும் டிராயர்லதான் இருக்கு, அந்த நாலாவது ஆளோட லெட்டருக்கு பதில் வரல, அடுத்த மாசம் திரும்ப எழுதப் போறேன்.